கிளியூர் எஸ்டேட்டில் இருபது மூட்டை

காலை ஏழு பத்துக்குச் சேலத்தில் ஏற்காடு பஸ் கிளம்பியது. முப்பத்திரண்டு கிலோமீட்டர், இருபது கொண்டை ஊசி வளைவுகள். மடியில் லேப்டாப். கிளியூர்ப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் எங்கள் மென்பொருள் மூன்று முறை உறைந்துபோயிருந்தது. இன்றும் உறைந்தால் வேண்டாமென்று திருப்பிவிடுவார்கள்.

பழைய நிரல் காப்பி மூட்டைகளின் எடைப் பதிவுகள் அத்தனையையும் ஒரே அரேயில், அதாவது நினைவகத்தில் ஒரே பட்டியலாக, கொட்டி, அப்புறம்தான் தேடும்; அதில்தான் எஸ்டேட் கணினி உறைந்தது. அதை டைப்ஸ்கிரிப்ட் மொழியில், பட்டியலைக் கேட்கக் கேட்க ஒவ்வொன்றாக எடுத்துத் தரும் இட்டரேட்டர் ஹெல்ப்பர்களால் மாற்றியிருந்தேன். பதிவுகள் ஒவ்வொன்றாக வரும். ஃபில்டர் முதல் தர மூட்டைகளை மட்டும் சலித்தெடுக்கும், திரையில் காட்ட வேண்டிய இருபது சேர்ந்ததும் 'டேக்' (எடு) என்னும் கட்டளை நிறுத்திவிடும். மீதியை நிரல் தொடவே தொடாது.

எட்டேகாலுக்கு டீம் லீடர் சென்னையிலிருந்து அழைத்தார். "புது வித்தையெல்லாம் வேண்டாம். பழைய மாதிரியே போடு. இல்லேன்னா திங்கள்கிழமை நீ இந்த ப்ராஜெக்ட்ல இல்ல."

"இங்க ஓட்டிப் பாத்துட்டுப் பேசறேன் சார்" என்றேன்.

ஏற்காட்டிலிருந்து ஜீப்புக்கு முந்நூறு ரூபாய். எஸ்டேட் ஆபீசில் கணக்கு எழுதும் ரைட்டர் அந்தோணி ஒரு கிழட்டுக் கம்ப்யூட்டர் முன் காத்திருந்தார். லீடர் போனில் கேட்டுக்கொண்டிருக்க, ஓட்டினேன்.

"ஏனுங்க மேடம், மேல இருபதுன்னு காட்டுது. கீழ ஒண்ணையும் காணோமுங்களே?"

"சொன்னேன்ல?" என்றார் லீடர். எனக்குக் காது சுட்டது.

பிறகுதான் உறைத்தது. எத்தனை என்று என் நிரல் எண்ணியபோதே இட்டரேட்டர் அந்த இருபதையும் கடைசிவரை நடந்து முடித்துவிட்டது. ஒருமுறை நடந்தால் அது திரும்பி வராது.

"தப்பு என்னுது சார். முறை மேல தப்பில்ல."

அந்த இருபதை மட்டும் அரேயாக்கி, அதையே எண்ணி, அதையே காட்டச் சொன்னேன். பட்டியல் உடனே வந்தது.

"அட, நொம்ப வெரசா வந்துருச்சுங்க! இதையே வெச்சிருங்க, மாத்திப்போடாதீங்க" என்றார் அந்தோணி.

மாலை நாலு மணி பஸ்ஸில் மலையிறங்கினேன். எங்கள் ஆபீஸ் கணினிகள் எதைக் கொட்டினாலும் விழுங்கும். அதனால்தான் அங்கே யாருக்கும் தங்கள் வீண்செலவு தெரிவதில்லை. பத்தாவது வளைவில் லீடரின் செய்தி வந்தது: "டெமோ முடிஞ்சது. நம்ம வழக்கப்படி பழைய நிரலையே திருப்பிப் போடு."

பதில் அடித்தேன்: "மாட்டேன் சார். போட்டே ஆகணும்னா நீங்களே மலையேறி வந்து, ரைட்டர் பக்கத்துல உக்காந்து போடுங்க."