அவள் கேட்ட மீன் குழம்பு

பையன் கோவையில் கல்லூரி விடுதிக்குப் போய் இரண்டு மாதம் ஆகியிருந்தது. பட்டாபிராம் ஃப்ளாட்டில் நானும் மனைவியும் மட்டும். சமைத்தது மீந்துபோகும், பேச்சு சீக்கிரம் தீர்ந்துபோகும். ஒரு வெள்ளிக்கிழமை, "நாளைக்கு எங்கயாவது போய் ஒரு ராத்திரி தங்கிட்டு வரலாமா?" என்று கேட்டேன்.

"யார் வீட்ல விசேஷம்?" என்றாள்.

கல்யாணமாகி இருபது வருஷத்தில் சொந்தக்காரர் வீட்டையும் கல்யாண மண்டபத்தையும் விட்டால் நாங்கள் வேறெங்கும் தங்கியதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

வேப்பம்பட்டு தாண்டி உள்ளே, ஒரு விவசாயக் குடும்பம் தென்னந்தோப்பில் இரண்டு அறை கட்டி விருந்தாளிகளுக்குக் கொடுக்கிறது என்று அலுவலகத்தில் ஒருவர் சொல்லியிருந்தார். ஸ்கூட்டரிலேயே கிளம்பினோம். பசி நேரத்துக்கு வழியில் ஒரு கீற்றுக் கொட்டகை ஹோட்டல் வந்தது. இலை போட்டார்கள். நான் வழக்கம்போல் இருவருக்கும் சேர்த்து, "ரெண்டு சைவச் சாப்பாடு" என்றேன்.

"எனக்கு மீன் குழம்பு" என்றாள், என்னைப் பார்க்காமல்.

பரிமாறுகிறவர் போன பிறகு கேட்டேன். "மீனே பிடிக்கலை, விட்டுட்டேன்னு சொன்னியே?"

"பையன் சின்னதுல வாசனை பட்டாலே வாந்தி எடுப்பானே. ஆசைன்னு சொல்லிட்டு செய்யாம இருக்கறதைவிட, பிடிக்கலைன்னு சொல்லிட்டா சுலபம்."

அவள் நாகப்பட்டினம் பக்கம் கடலோரத்தில் பிறந்து வளர்ந்தவள். அது தெரிந்தும் அவள் சொன்னதை நம்பியிருக்கிறேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் எங்கள் கம்பெனி கேன்டீனில் புதன்கிழமை தவறாமல் மீன் உண்டு. நானும் தவறாமல் சாப்பிட்டேன். அதைச் சொல்லிவிட வேண்டும் போலிருந்தது. சொன்னேன்.

"தெரியும். சட்டையில வாசனை வரும். தனியா ஊற வைப்பேன்" என்று சிரித்தாள்.

குழம்பு வந்தது. ஏரி மீன். "கொஞ்சம் மண் வாசனை அடிக்குது" என்று சொல்லிக்கொண்டே முள்ளை விரலால் தடவித் தடவி எடுத்தாள். இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கினாள். நான் பாதி இலையில் நிறுத்திவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் தோப்பிலிருந்து ஏரிக்கரைக்கு நடந்தோம். தண்ணீரைப் பார்த்துவிட்டு, "எனக்கு நல்லா நீச்சல் வரும், தெரியுமா?" என்றாள். தெரியாது. அவள் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டே கரையின் அந்தக் கோடி வரை போய்விட்டோம்.

மறுநாள் காலை நான்தான் முதலில் எழுந்தேன். வீட்டில் அப்படி நடந்ததே இல்லை. அலாரம் அடிக்கும் முன்பே எழுந்து பையனுக்கும் எனக்கும் டிபன் பாக்ஸ் கட்டிப் பழகியவள் அவள். வெயில் ஜன்னல் வழியாக அவள் காலில் விழுந்தும் அசையாமல் தூங்கிக்கொண்டிருந்தாள். கதவைச் சாத்திவிட்டு வெளியே உட்கார்ந்தேன்.

தோப்புக்கார அம்மா தட்டோடு வந்தார். "இன்னாண்ணா, அக்கா இன்னும் எழுந்துக்கலியா? இட்லி ஆறிடுமே."

"ஆறட்டும்மா."

"ஒடம்பு எதுனா முடியலியா?"

"இல்ல, தூங்கறாங்க."

அவர் ஒரு நிமிஷம் கதவைப் பார்த்தார். பிறகு அறைப் பக்கம் மேய்ந்துகொண்டிருந்த கோழிகளைச் சத்தம் போடாமல் முந்தானையால் வீசி அந்தப் பக்கம் ஓட்டிவிட்டுப் போனார்.

ஒன்பதரைக்குக் கதவைத் திறந்துகொண்டு பதறி வந்தாள். "மணி என்ன ஆச்சு? ஏன் எழுப்பல?"

"எழுப்பி என்ன செய்யப்போறோம்?"

முடியை அள்ளி முடிந்துகொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். சூடாக வேறு சுட்டுத் தருகிறேன் என்று அந்த அம்மா சொல்லியும் வேண்டாமென்று ஆறிய இட்லியையே சாப்பிட்டாள். கை கழுவி வந்து, "இன்னும் ஒரு நாள் இருக்கலாமா?" என்று கேட்டாள், குழந்தை அனுமதி கேட்பதுபோல.

மேலாளருக்குப் போன் செய்து திங்கட்கிழமை லீவு சொன்னேன். காரணம் கேட்டார். குடும்ப விஷயம் என்றேன்.