ஆறு மெஷினுக்கு ஒரு விலை

அண்ணியின் போன் வந்தபோது நான் காட்டூர் வீட்டு மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன்.

"உடனே ஷெட்டுக்கு வா. ஜீயபுரத்துலேருந்து கேட்டிருக்காங்க. ஆறு! ஆறு மெஷின்!"

பாதித் துணியை வாளியிலேயே விட்டுவிட்டுக் கிளம்பினேன்.

அண்ணி என்றால் என் அண்ணனின் மனைவி. மெக்கானிக்கல் டிப்ளமோ படித்தவர். திருவெறும்பூரில் ஒரு சின்ன ஷெட்டை வாடகைக்கு எடுத்து, பெரிய கம்பெனிகளுக்கு இரும்பு வேலை செய்துகொடுத்துக்கொண்டிருந்தார். நான் ஒரு தனியார் கம்பெனியில் அடக்கவிலை போடும் வேலையில் ஒன்பது வருஷம் இருந்துவிட்டு, அலுத்துப்போய் அவரோடு கூட்டுச் சேர்ந்தேன். பெரிய கம்பெனி வேலையில் விலையை அவர்கள்தான் சொல்வார்கள். நாங்கள் தலையாட்டுவோம். அதிலிருந்து தப்பிக்க எங்களுடையது என்று ஒரு பொருள் வேண்டும் என்று அண்ணிக்கு ஆசை. தார் வெட்டிய பிறகு வயலில் நிற்கும் வாழையை நறுக்கி உரமாக்க ஒரு மெஷின் செய்தார். இரண்டு மாதம் ஓட்டிச் சோதித்தும் பார்த்துவிட்டோம். வாங்கத்தான் ஆள் வரவில்லை. அன்றைக்குத்தான் முதல்முறையாகக் கேட்டார்கள்.

கேட்டது ஜீயபுரம் பக்கத்து வாழை விவசாயிகள் சேர்ந்து நடத்தும் ஒரு கம்பெனி. வெள்ளிக்கிழமை ஸ்ரீரங்கத்தில் அவர்களுடைய ஆபீசுக்கு வந்து விலை பேச வேண்டும். எங்களுக்கு ஐந்து நாள் இருந்தது.

"எண்பத்தஞ்சாயிரம் சொல்லிடுவோம். கண்டிப்பா எடுத்துக்குவாங்க" என்றார் அண்ணி.

ஒரு மெஷின் செய்ய எங்களுக்கு எழுபதாயிரம் ஆகும். எண்பத்தைந்து என்றால் ஒன்றுக்குப் பதினைந்தாயிரம் லாபம், ஆறுக்குத் தொண்ணூறாயிரம்.

"ஒரு லட்சத்துப் பத்தாயிரம், ஒன்னு பத்துன்னு சொன்னா என்ன அண்ணி?"

"என்னவா? எழுந்து போயிடுவாங்க."

"எத்தனை தடவை போவாங்க? இதே மாதிரி பத்து பேர் வந்தா, எத்தனை பேர் ஒத்துக்குவாங்கன்னு நினைக்கிறீங்க?"

"இது என்ன கேள்வி? வர்றதே ஒரு கம்பெனிதான்."

ஆனாலும் யோசித்தார். கஸ்டமரை எடைபோடுவதில் அவருக்கு இருக்கும் கண் எனக்குக் கிடையாது. "நாலு பேர் அப்படியே எடுத்துக்குவாங்க. மூணு பேர் இழுத்துப் பேசி தொண்ணூத்தஞ்சுல நிப்பாங்க. மூணு பேர் வேற மெஷின் பார்க்கப் போயிடுவாங்க" என்றார்.

எனக்கு இது போதும். பழைய ஆபீசில் இருந்தபோது சனிக்கிழமை சாயங்காலங்களில் ஒரு வகுப்புக்குப் போனேன். விலை நிர்ணயிப்பதற்கு, ஒவ்வொரு முடிவும் எங்கே கொண்டுபோய் விடும் என்று கிளை கிளையாகப் பிரித்துக் காட்டும் 'முடிவு மரம்' வரையச் சொல்லிக்கொடுத்தார்கள். அதுவரை காகிதத்தில் மட்டுமே வரைந்த மரத்தை முதல்முறையாக நிஜமான ஒரு விலைக்காக வரையப்போகிறேன். இரும்புத் தகட்டில் குறிபோட வைத்திருந்த சாக்பீஸை எடுத்து ஷெட் தரையிலேயே ஆரம்பித்தேன்.

ஒரு புள்ளி. அதிலிருந்து இரண்டு கிளை. ஒன்றில் எண்பத்தைந்து, இன்னொன்றில் ஒன்று பத்து. முதல் கிளை நேராகப் போய்த் தொண்ணூறாயிரம் லாபத்தில் முடிந்தது. இரண்டாவது கிளை மூன்றாகப் பிரிந்தது. பத்தில் நாலு வாய்ப்பில் இரண்டு லட்சத்து நாற்பதாயிரம் லாபம். பத்தில் மூன்று வாய்ப்பில் ஒன்றரை லட்சம். மீதி மூன்றில் பூஜ்யம். வெல்டிங் செய்துகொண்டிருந்த எங்கள் ஆட்கள் இருவரும் கண்ணாடியைத் தூக்கிவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். நுனியிலிருந்து பெருக்கிக்கொண்டே அடிப்பக்கம் வந்தேன்.

"ஒரு லட்சத்து நாப்பத்தோராயிரம் அண்ணி! சராசரியா! நீங்க சொன்ன விலையில தொண்ணூறுதான்!"

நான் கத்தியது பக்கத்து ஷெட் வரை கேட்டிருக்கும். அண்ணி குனிந்து, தரையில் இருந்த பூஜ்யத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சராசரின்னு ஒன்னு என் கைக்கு வராது. ஒன்னு இது வரும், இல்ல அது வரும். இந்த முட்டை வந்தா ஷெட் வாடகைக்கு நான் எங்க போறது?"

நான் சாக்பீஸைக் கீழே வைத்தேன். அவரே தொடர்ந்தார்.

"நாலு, மூணு, மூணுன்னு நான் சும்மா வாய்க்கு வந்ததைச் சொன்னேன். நீ அதை வச்சு இவ்வளவு பெரிய மரம் கட்டிட்ட. நம்ம மெஷினை வாங்கலைன்னா அவங்க என்ன செய்வாங்க? அது தெரியாம எப்படி விலை சொல்றது? அவங்க மரத்தை யாரு வரையிறது?"

வகுப்பில் இதையும் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். பேரம் முறிந்தால் எதிராளிக்கு மிச்சம் இருக்கும் வழி எது, அது அவருக்கு எவ்வளவு பெறும் என்று முதலில் பார் என்பார்கள். நான் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியது அண்ணிக்குத் தானாகவே தோன்றியிருக்கிறது.

மறுநாள் காலை சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி ஜீயபுரத்துக்கு பஸ் மாறினோம். வாய்க்கால் ஓரமாக நடந்துபோனபோது தார் வெட்டிய பூவன் தோட்டம் ஒன்று இருந்தது. மொட்டையாக நின்ற வாழைகளை நாலு பேர் அரிவாளால் சாய்த்துக்கொண்டிருந்தார்கள். வரப்பில் நின்றவர் அந்த விவசாயிகள் கம்பெனியில் ஒரு பங்குதாரர். நாங்கள் யார் என்று அண்ணி ஒளிக்காமல் சொன்னார்.

"மெஷினா?" அவர் சிரித்தார். "வாங்கம்மா, காட்டுறேன்."

தோட்டத்து மூலையில் தகரக் கொட்டகைக்கு அடியில் ஒரு மெஷின் துருப்பிடித்துக் கிடந்தது. வெளியூரில் வாங்கியது. விலை குறைவுதான். நல்ல வேலை நேரத்தில் நின்றுவிட்டது. சரிபார்க்க ஆள் வந்து சேரப் பதினோரு நாள் ஆனது. அதற்குள் மறுநடவு தள்ளிப்போய், கூலி ஆட்களும் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள்.

"விலையைப் பத்தி எங்களுக்குப் பெருசா ஒன்னும் இல்லம்மா. நின்னு போச்சுன்னா யாரு வருவா? அதைச் சொல்லுங்க. எந்த மெஷினும் பத்து நாள்ல ஒரு நாள் நிக்கத்தான் நிக்கும்."

"எங்களுது நிக்காதுங்க" என்றேன்.

"எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க."

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அவர் சொன்னதையே நினைத்துக்கொண்டிருந்தேன். முத்தரசநல்லூர் தாண்டும்போது சட்டென்று பிடிபட்டது. அண்ணியின் கையைப் பிடித்து உலுக்கினேன்.

"அண்ணி, அவர் பத்து நாளைக்கு ஒரு நாள் நிக்கும்னு நம்புறார். சீசன் அறுபது நாள்னா ஆறு நாள். நம்ம மெஷின் ரெண்டு மாசத்துல எத்தனை தடவை நின்னுது?"

"ஒரே தடவை. பெல்ட்டு. ஒரு மணி நேரத்துல மாத்திட்டேன்."

"நின்ன ஒவ்வொரு நாளுக்கும் ரெண்டாயிரம் திருப்பித் தர்றோம்னு எழுதிக் கொடுத்தா? அவங்க கணக்குல அது ஒரு மெஷினுக்குப் பன்னெண்டாயிரம் பெறும். நம்ம கணக்குல மிஞ்சிப்போனா ரெண்டாயிரம்தான் செலவு. நடுவுல பத்தாயிரம் சும்மா கிடக்குது அண்ணி! ரெண்டு பேரும் பங்கு போட்டுக்கலாம்!"

முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். அண்ணி கொஞ்ச நேரம் விரலை மடக்கிக் கணக்குப் போட்டார். பிறகு, "இன்னொரு தடவை சொல்லு" என்றார். சொன்னேன். அவர் முகம் மலர்ந்ததை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. இருவர் வேறு வேறாக நம்புவதாலேயே இருவருக்கும் லாபம் வரும் என்பதைப் பாடமாகப் படித்தபோது எனக்கு எந்தப் பரபரப்பும் வந்ததில்லை. அந்த பஸ்ஸிலோ டிக்கெட்டின் பின்னாலேயே அந்தக் கணக்கை மறுபடி மறுபடி எழுதிப் பார்த்தேன். அந்தப் பூஜ்யக் கிளைக்கும் இப்போது வழி பிறந்திருந்தது. அவர்களை எழுந்து போக வைப்பது விலை அல்ல, பயம். பயத்தை நாங்கள் வாங்கிக்கொண்டால் போகமாட்டார்கள்.

வெள்ளிக்கிழமை ஸ்ரீரங்கத்தில், அம்மா மண்டபம் சாலையில் ஒரு மருந்துக் கடைக்கு மேல்மாடியில் அந்த ஆபீஸ். அதன் மேலாளர் என் வயதுப் பெண். முன்பு பேங்க்கில் வேலை பார்த்தவராம். காபி கொடுத்துவிட்டு நேராக விஷயத்துக்கு வந்தார்.

"ஒரு மெஷின் என்ன விலைங்க?"

"ஒன்னு பதினஞ்சு" என்றார் அண்ணி.

"தொண்ணூறு" என்றார் அவர், கண் இமைக்காமல்.

அண்ணி பதில் சொல்லவில்லை. காபியை மெதுவாகக் குடித்தார். எனக்குத் தாங்கவில்லை. தொண்ணூற்றைந்து என்று சொல்லிவிடலாம் என வாயைத் திறந்தேன். மேஜைக்கு அடியில் அண்ணி என் காலை அழுத்தி மிதித்தார். வாயை மூடிக்கொண்டேன்.

"அந்தத் தகரக் கொட்டகை மெஷினைப் பார்த்தோங்க. பதினோரு நாள் நின்னுச்சாமே" என்றார் அண்ணி.

மேலாளரின் முகம் மாறியது. "அதை வாங்கச் சொன்னதே நான்தான். இன்னைக்கு வரைக்கும் எல்லாரும் சொல்லிக்காட்டுறாங்க."

"எங்க மெஷின் நின்னா நீங்க போன் பண்ணுங்க. அன்னைக்குச் சாயந்தரத்துக்குள்ள ஓடலைன்னா அந்த நாளுக்கு ரெண்டாயிரம் திருப்பித் தர்றோம். சீசன் பூரா. கொட்டேஷன்லயே எழுதித் தர்றோம்."

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "நிக்காதுன்னு அவ்வளவு நம்பிக்கையா?"

"நிக்காதுன்னு சொல்லலைங்க. நின்னா எங்க காசு போகும்னு சொல்றேன்."

அவர் ஒரு நோட்டைத் திறந்து எங்களுக்குத் தெரியாமல் சாய்த்துப் பிடித்து ஏதோ எழுதினார். "ரெண்டாயிரம் பத்தாது. மூவாயிரம்."

அண்ணி என்னைப் பார்த்தார். எங்கள் கணக்கில் இன்னும் ஆயிரம்தான் கூடுகிறது. அவர்கள் கணக்கில் பதினெட்டாயிரம் ஆகிறது. நான் லேசாகத் தலையசைத்தேன். சந்தோஷம் முகத்தில் தெரியாமல் இருக்க மேஜை மேலிருந்த காலண்டரை உற்றுப் பார்த்தேன்.

"மூவாயிரம் சரி. அப்ப விலை ஒன்னு பத்து."

"ஒன்னு அஞ்சு."

"பெல்ட்டு ரெண்டு சேர்த்துத் தர்றேன். ஒன்னு எட்டு."

"ஒன்னு எட்டு" என்று மேலாளர் கையை நீட்டினார்.

ஒரு லட்சத்து எட்டாயிரம்! எண்பத்தைந்து சொல்லக் கிளம்பிய மெஷின்! கையெழுத்தெல்லாம் ஆகி முன்பணமும் அனுப்பிய பிறகு மேலாளருக்கு அடக்க முடியவில்லை. நோட்டை எங்கள் பக்கம் திருப்பினார். அதில் ஒரு மரம்! பென்சிலால், ஸ்கேல் வைத்து, என்னுடையதைவிட அழகாக வரைந்திருந்தார். 'சாதாரணமாக: 95. நின்றால் பணம் தந்தால்: 112' என்று அடியில் வட்டம் போட்டிருந்தது.

"இதுக்கு மேல போனா வேண்டாம்னு இருந்தேன். முதல் வரி வீட்லேயே எழுதினது, ரெண்டாவது நீங்க பேசினப்ப."

"அய்யய்யோ, நாலாயிரம் விட்டுட்டமே!" என்றார் அண்ணி.

"நீங்க எதுவரைக்கும் இறங்கியிருப்பீங்க?"

அண்ணி உண்மையைச் சொன்னார். மேலாளர் தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு மூன்று பேரும் சிரித்த சிரிப்பில் கீழே மருந்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

வெளியே வந்து நேராக ஆற்றுக்கு நடந்தோம். காவிரியில் தண்ணீர் ஓடியது. படித்துறையில் நின்று அண்ணி அண்ணனுக்கு வீடியோ கால் போட்டார். துபாயில் அவர் மதியச் சாப்பாட்டில் இருந்தார். நாங்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசியதில் அவருக்கு ஒன்றும் புரியவில்லை. "வித்துடுச்சா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க" என்றார்.

அந்த சீசனில் ஆறு மெஷினும் சேர்ந்து நான்கு நாள் நின்றன. அதில் மூன்று நாள் என் தவறு. விலை குறைவு என்று நான் வாங்கிய பேரிங் உடைந்தது. பன்னிரண்டாயிரம் அனுப்பினோம். கேட்பதற்கு முன்பே பணம் வந்தது ஜீயபுரம் முழுக்கப் பேச்சாகி, அடுத்த ஊர்களிலிருந்து ஒன்பது மெஷினுக்கு ஆர்டர் வந்தது. நல்ல பேரிங் போட்டுத்தான் கொடுத்தோம்.

போன மாதம் அந்த மேலாளரே கூப்பிட்டார். வாழைத்தார் மொத்தமாக வாங்க வெளியூர் வியாபாரி ஒருவர் வருகிறார், விலை பேசும்போது தன் பக்கத்தில் உட்கார முடியுமா என்று கேட்டார். இரண்டு பேரும் போனோம். முந்தின நாள் முழுக்க மூவரும் சேர்ந்து அந்த வியாபாரியின் மரத்தை வரைந்தோம். லாரி எப்போது கிளம்ப வேண்டும், காய் எத்தனை நாள் தாங்கும், வேறு எங்கே அவருக்குச் சரக்கு கிடைக்கும் என்று ஒவ்வொரு கிளையாக விசாரித்து எழுதினோம். காலையில் அவர் வந்து உட்கார்ந்து, முதல் விலையைச் சொல்லிவிட்டு எங்களைப் பார்த்தார். நாங்கள் மூன்று பேரும் பதில் பேசாமல் காபியைக் கையில் எடுத்தோம்.