மொதல்ல பேரைப் போடும்மா

பெரம்பலூரில் நான் படித்த பெண்கள் கல்லூரியின் கம்ப்யூட்டர் லேபில் ஒரு மேடம் இருந்தார். ஏசி குளிருக்காகச் சித்திரை மாதத்திலும் ஸ்வெட்டர் போட்டிருப்பார். முழங்கையில் நூல் பிரிந்து தொங்கும். யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், யாரும் திருத்தலாம் என்கிற மென்பொருள்களைத் தமிழாக்கும் வேலையை, வகுப்பு முடிந்த பிறகு எங்களுக்குக் கற்றுத் தந்தார். ஒவ்வொரு கோப்பின் தலையிலும் செய்தவர் பெயரை எழுத ஓர் இடம் உண்டு. பின்னால் வந்து நின்று, "மொதல்ல பேரைப் போடும்மா, அப்புறம் வேலையப் பாரு" என்பார்.

மூன்று மாதம் உட்கார்ந்து நானும் ஒரு கோப்பை முடித்தேன். பொம்பளப் புள்ள பேரு இன்டர்நெட்டில் சுத்தக் கூடாது என்று அம்மா சொல்லியிருந்ததால், அண்ணன் பெயரைப் போட்டேன்.

"இது யாரு?"

"அண்ணனுங்க மேடம். வூட்டுல திட்டுவாங்க."

அவரும் திட்டுவார் என்றுதான் நினைத்தேன். ஆனால் மற்ற பெண்களின் கோப்புகளைத் திறந்து காட்டினார். அப்பா, தம்பி, கட்டிக்கப்போகிற மாமன்.

"பொம்பளைங்க காலேஜு. ஆனா இந்த லேப்ல இதுவரைக்கும் ஆம்பளைங்கதான் வேலை பாத்திருக்காங்க" என்றார். என் கோப்பை அப்படியே மென்பொருள் குழுவுக்கு அனுப்பிவிட்டார்.

அதைக் காட்டித்தான் அண்ணனுக்குச் சென்னையில் வேலை கிடைத்தது. எனக்குக் கல்யாணம் ஆனது.

சில வருடம் கழித்து, அங்கே படிக்கும் ஒரு பெண்ணைப் பஸ்ஸில் பார்த்து மேடத்தைப் பற்றிக் கேட்டேன். "இருக்காங்கக்கா. மொதல்ல பேரைப் போடும்மான்னு உசுரை வாங்குறாங்க" என்றாள்.

யார் பெயரைப் போட்டாய் என்று அவளிடம் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.