பெரியநாயகமும் புதுக் காடி வாசமும்

காரின் நான்கு கதவுகளையும் பின்பக்க மூடியையும் திறந்துவிட்டு, பெரியநாயகம் மூன்றடி தள்ளி நின்று ‘அருள் நிறைந்த மரியே’ சொல்லத் தொடங்குகிறார். கையில் ஜெபமாலை இல்லை. விரல் கணுக்களின் மேல் கட்டைவிரல் ஒவ்வொன்றாக நகர்கிறது. பத்து முறை சொல்லி முடித்த பிறகுதான் காருக்குள் தலையை விடுவார். வெயில் ஏறிய நாளென்றால் இருபது. அடுத்த காருக்கும் அப்படியே, அதற்கடுத்ததற்கும் அப்படியே. காலையில் பதினெட்டு கார்கள் வெளியே போக வேண்டியிருந்தால் மாதாவுக்கு அன்றைக்கு உட்கார நேரமிருக்காது.

ஈப்போவிலிருந்து செமோருக்குப் போகிற சாலையில், ரப்பர் மரங்களை வெட்டிச் சாய்த்துவிட்டுக் கொட்டிய சிவப்பு மண்ணின்மேல் இருக்கிறது அந்தக் கொட்டகை. லாரியில் வந்து இறங்கும் புதுக் கார்களை வாங்கியவர் கையில் கொடுக்கும் முன் பார்த்துச் சரிசெய்யும் இடம். மேலே ஒட்டிய வெள்ளைத் தாளை உரிப்பது, கீறல் இருக்கிறதா என்று தேடுவது, உள்ளே துடைப்பது, நம்பர் பலகை மாட்டுவது. பத்தொன்பது வருடமாக இதுதான் அவருக்குப் பிழைப்பு. இத்தனை ஆயிரம் கார்களைத் தொட்ட மனிதருக்குச் சொந்தமாக இருப்பது ஒரு பழைய மோட்டார் சைக்கிள். அதன் முன்னால் ஒரு கம்பிக் கூடை, கூடைக்குள் ஒரு மழைக்கோட்டு.

ஐம்பத்தெட்டு வயது. சட்டைப்பையில் எப்போதும் ஒரு பேனாக்கத்தி. பேசும்போது எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்க்காமல் அவர் சட்டைப் பொத்தானைப் பார்த்துப் பேசுவார். யார் என்ன சொன்னாலும் முதலில் “அப்படியா சொல்றீங்க?” என்பார். நம்புகிறாரா நம்பவில்லையா என்று அதிலிருந்து கண்டுபிடிக்க முடியாது.

நான் அவரைச் சந்தித்தது என் காரை எடுக்கப் போன அன்று, இரண்டு வருடங்களுக்கு முன்னால். நாற்பத்தாறு வயதில் வாங்கிய முதல் புதுக் கார். கதவைத் திறந்ததும் குப்பென்று அந்த வாசம். கண்ணை மூடிக்கொண்டு நன்றாக இழுத்து, சொர்க்கத்துக்கு வாசம் இருந்தால் இதுதான் என்று மனைவியிடம் சொன்னேன். பின்னாலிருந்து ஒருவர் என் மூன்றாவது பொத்தானைப் பார்த்தபடி முன்னே வந்தார்.

“அது பசை வாசம் தம்பி. பசை, ஸ்பாஞ்சு, பிளாஸ்டிக்கு. வெயில்ல வெந்து ஆவியா வருது. ஒரு மூணு மாசத்துக்கு காடில ஏறுறதுக்கு முன்ன கதவ தொறந்து போடுங்க லா. இல்லாட்டி தலை பெனிங்காகிச் சுத்தும், கண்ணு எரியும். அப்புறம் வீட்டுக்காரம்மாகிட்ட எரிஞ்சு விழுவீங்க.”

என் மனைவி அந்த நிமிடமே அவர் கட்சியில் சேர்ந்துவிட்டாள். சீட்டுகளின் பிளாஸ்டிக் உறையைத் தீபாவளிவரை கழற்றுவதில்லை என்று நான் முடிவு செய்திருந்தேன். நம் ஆட்களுக்கு அது ஒரு கௌரவம். உறை இருக்கும்வரை கார் புதுசு. சொந்தக்காரர்கள் எல்லாரும் வந்து அதன்மேல் உட்கார்ந்து, தொடை வேர்த்து, சரசரவென்று சத்தம் கேட்டுப் பொறாமைப்பட்ட பிறகுதான் உரிப்போம். உள்ளே இருக்கிற ஆவியையெல்லாம் அந்த உறை பிடித்து வைத்துக்கொண்டு வெயில் நேரத்தில் மொத்தமாக விடும் என்றார் பெரியநாயகம். பேனாக்கத்தியை எடுத்து, என்னிடம் கேட்காமல் என் மனைவியிடம் கேட்டு, நான்கு சீட்டுகளையும் உரித்துப் போட்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் நன்றிகூடச் சொல்லவில்லை.

அந்த ஆவியில் என்னென்ன இருக்கிறது என்பதைப் பத்திரிகையிலிருந்து வெட்டி எடுத்த ஒரு துண்டுக் காகிதத்தில் வைத்திருக்கிறார். ஃபார்மால்டிஹைடு என்ற பெயரில் மட்டும் நாக்கு தடுக்கும். பிணத்தைக் கெடாமல் வைக்கிற பார்மாலினுக்கு அது அண்ணன் முறை என்று சொல்லிச் சமாளிப்பார். எல்லாருக்கும் ஒன்றும் ஆகிவிடாது, நாளாக நாளாகக் குறைந்துவிடும் என்பதையும் நேர்மையாகச் சேர்த்துக்கொள்வார். வாங்கியவருக்கு மூன்று மாதம், கொட்டகையில் இருப்பவனுக்குத் தினமும் முதல் நாள். மதியம் மூன்று மணிக்குமேல் அவருக்கு இரண்டு நெற்றிப்பொட்டும் தெறிக்கும். தொண்டையில் எப்போதும் ஒரு கரகரப்பு. கூட வேலை செய்பவர்கள் கதவைத் திறந்த கையோடு உள்ளே ஏறிவிடுவார்கள். “பெரியநாயகண்ணே, பூசை முடிஞ்சிருச்சா?” என்று சிரிப்பார்கள். அவரும் சிரித்துவிட்டு விரலை எண்ணுவார்.

கண்ணாடி ஏற்றிய காரில் அவர் ஏறவே மாட்டார். இந்த ஒரு பிடிவாதம் அவரை மெல்ல மெல்லத் தனியாக்கிவிட்டது. தாப்பாவில் கல்யாணம் என்றால் எல்லாரும் ஏர்கோன் போட்டுக்கொண்டு ஒரே காரில் போவார்கள். இவர் மோட்டாரில் ஒரு மணி நேரம் முன்னதாகக் கிளம்பி, நனைந்த கால்சட்டையோடு பந்தியில் உட்காருவார். கண்ணாடியை இறக்கச் சொன்னால் பெண்களுக்கு முடி கலைகிறது, பிள்ளைகளுக்குத் தூசி. இரண்டு முறை கூப்பிட்டார்கள், மூன்றாம் முறை கூப்பிடவில்லை. மனைவி பியாட்ரிஸ் இருந்தவரை மோட்டாரில் பின்னால் உட்கார்ந்து வந்தார். அவர் இறந்து நான்கு வருடமாகிறது.

எங்களுக்குள் பழக்கம் வளர்ந்தது என் கார் சர்வீஸின் புண்ணியம். ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் அவருடைய வீட்டுக்குப் போயிருந்தேன். தாமான் குடியிருப்பில் வரிசை வீடு, வானொலியைத் தவிர பேச ஆளில்லை. வாசலில் கால் வைத்ததுமே கருகல் நெடி. பெரியநாயகம் அடுப்படியை ஒட்டிய நாற்காலியில் நிதானமாகப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் சோற்றுப்பானை அடி கரிந்து புகைந்துகொண்டிருந்தது. நான் ஓடிப்போய் அடுப்பை அணைத்தேன். அவர் பானையைப் பார்த்தார், என் பொத்தானைப் பார்த்தார். “அப்படியா?” என்றார்.

மூக்கு செத்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது என்று அன்றைக்குத்தான் சொன்னார். மல்லிகை, கருவாடு, சாக்கடை எல்லாம் ஒன்றுதான். பால் திரிந்ததா என்று தெரிய அதை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்க வேண்டும். கிளினிக்கில் காட்டியிருக்கிறார். கொட்டகை வேலையால் இருக்கலாம், முன்பு வந்த காய்ச்சலால் இருக்கலாம், வயதாலும் இருக்கலாம் என்று டாக்டர் மூன்று பக்கமும் கைகாட்டிவிட்டாராம். அப்போதுதான் எனக்கு உறைத்தது: என் காரின் வாசத்தைப் பற்றி அத்தனை பாடம் நடத்திய அன்று அந்த வாசம் அவருக்கு எட்டியிருக்கவே முடியாது.

யாரிடமும் சொல்லாதீர்கள் என்று கேட்டுக்கொண்டார்.

“மூக்கு செத்தவன் பேச்ச எவன் தம்பி கேப்பான்?”

நான் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டுமோ என்று இப்போது நினைக்கிறேன். போன டிசம்பரில் அவருடைய பேத்திக்கு ஈப்போவில் ஞானஸ்நானம். ஒரே மகள் கிளாரிசாவும் மருமகன் ராட்னியும் கிள்ளானிலிருந்து இரண்டு மாதப் பிள்ளையோடு புதுக் காரில் வந்திருந்தார்கள். பிள்ளைக்கு விவியன் என்று பெயர் வைத்த கையோடு ஃபாதர் வெளியே வந்து காருக்கும் தீர்த்தம் தெளித்தார். சீட்டு உறைகள் உரிக்கப்படாமல் இருந்தன. ஆயர் தாவார் ஊரில் இருக்கும் தன் சொந்தக்காரர்கள் பார்க்கும்வரை தொடக்கூடாது என்பது ராட்னியின் அம்மாவுடைய உத்தரவு.

பூசை முடியும்வரை வெயிலில் நின்ற கார். கிளாரிசா பிள்ளையோடு ஏறியதும் பிள்ளை வீறிட்டு அழுதது. பெரியநாயகம் கதவை மறித்துக்கொண்டு நின்றார். அப்பா சொன்னபடியே மூன்று வாரமாகக் கண்ணாடியை இறக்கித்தான் ஓட்டினோம், வாசமெல்லாம் போய்விட்டது, வேண்டுமானால் நீங்களே மோந்து பாருங்கள் என்றாள் கிளாரிசா. அவர் மோந்து பார்க்கவில்லை. பிள்ளையை அவளிடமிருந்து பிடுங்கிப் பக்கத்தில் நின்றவர் கையில் கொடுத்துவிட்டு, பேனாக்கத்தியை எடுத்து, சம்பந்தியம்மாள் உட்கார்ந்திருந்த சீட்டிலேயே உறையைக் கிழித்தார். பச்சைப்பிள்ளையை விஷப் பெட்டியிலா வைப்பீர்கள் என்று கேட்டார். கார்மேல் தெளித்த தீர்த்தம் அப்போது காய்ந்துகூட இருக்கவில்லை. சம்பந்தியம்மாள் இறங்கி நடந்தே கோயில் வாசலுக்குப் போய்விட்டார்.

அதற்குப்பின் மகள் வரவில்லை. ஞாயிறு மாலை இரண்டு நிமிட போன், சாப்பிட்டீர்களா என்ற கேள்வி, மாதத்துக்கு ஒரு படம். பேத்தி கவிழ்ந்ததையும் உட்கார்ந்ததையும் பல் முளைத்ததையும் அவர் போனில்தான் பார்த்தார். கிறிஸ்துமஸ் தனியாக, ஈஸ்டர் தனியாக. ஒருநாள் சாப்பாட்டுக்கடையில் நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு, சாப்பிடாமல், திடீரென்று பேசினார்.

“மோந்து பாருங்கப்பான்னு சொல்லுச்சு தம்பி. எதால மோப்பேன்?”

மகளிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள் என்றேன். சம்பந்தி வீட்டார் முன்னால் ஒன்றுமே தெரியாமல்தான் கத்தியை எடுத்தேன் என்று எப்படிச் சொல்வது என்றார். சொல்லாவிட்டால் மகளும் பேத்தியும் இல்லை. சொன்னால் அவருடைய பத்தொன்பது வருடப் பேச்சும் இல்லை. பொட்டலத்தை அப்படியே மடித்துக் கூடையில் போட்டுக்கொண்டு போனார்.

இந்த நவம்பர் இரண்டாம் தேதி, கல்லறைத் திருநாள். மதியம் எனக்குப் போன் வந்தது. அம்மாவின் கல்லறைக்குப் போக மகள் வந்திருக்கிறாள், பிள்ளையும் வந்திருக்கிறது, ராட்னி வரவில்லை என்றார். ஐந்து நிமிடம் வந்துவிட்டுப் போக முடியுமா என்று கேட்டார். தயங்கித் தயங்கி, எனக்குச் சளி ஏதும் பிடித்திருக்கிறதா என்றும் விசாரித்தார். காரியம் புரிந்தது. மூக்கை நன்றாகச் சிந்திவிட்டுக் கிளம்பினேன்.

மேற்கே வானம் கறுத்திருந்தது. கேட்டுக்கு வெளியே அந்தக் கார். கிளாரிசா உள்ளே பிள்ளைக்குச் சாப்பாடு கொடுத்துக்கொண்டிருந்தாள். பெரியநாயகம் மழைக்கோட்டை அணிந்து, மோட்டாரில் பின்தொடரத் தயாராக நின்றார். மகளின் சாவியை எடுத்து வந்து பின்கதவைத் திறந்து, ஜாடை காட்டினார். நான் தலையை உள்ளே விட்டு நாய் மாதிரி மோந்தேன். சீட்டு, கூரை, கால் விரிப்பு.

“பசை இருக்கா?”

“இல்லண்ணே.”

“நல்லா பாத்தீங்களா? விரிப்புக்கு அடியில?”

மறுபடி குனிந்தேன். பிஸ்கட் தூள், புளித்த பால், பவுடர், எங்கோ ஒரு ஈரத் துணி. ஒரு குழந்தை புழங்குகிற இடத்தில் என்ன இருக்குமோ அதுதான் இருந்தது. அதை ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவர் வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். புளித்த பாலைச் சொன்னபோது தலையை ஆட்டினார்.

நிமிர்ந்தால் கேட்டில் கிளாரிசா நிற்கிறாள், இடுப்பில் பிள்ளையோடு. முகம் இறுகியிருந்தது.

“ஆள் வச்சு செக் பண்றீங்களாப்பா? இன்னும் என்னை நம்பல, இல்ல?”

நான் விலகிக்கொள்ளப் பார்த்தேன். பெரியநாயகம் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு விட்டார். முதல்முறையாக ஒருவர் முகத்தை நேராகப் பார்த்து அவர் பேசி நான் கண்டது அப்போதுதான்.

“நம்பாம இல்லம்மா. எனக்கு மூக்குல வாசம் தெரியல. மூணு வருசமாச்சு. அன்னைக்கும் ஒண்ணும் தெரியல. எல்லாரும் நின்னாங்க... சொல்ல வெக்கமா இருந்துச்சு.”

பிள்ளை தாத்தாவின் மழைக்கோட்டுப் பொத்தானை எட்டிப் பிடிக்கப் பார்த்தது. கிளாரிசா திரும்பி வீட்டைப் பார்த்தாள். சுவரோரம், வெளியே, சமையல் கேஸ் உருளை, அந்தத் தோங், நின்றிருந்த இடத்தைப் பார்த்தாள். அங்கிருந்து ஒரு நீளமான குழாய் ஜன்னல் வழியாக அடுப்படிக்குப் போனது.

“கேஸ் கசிஞ்சா தெரியாதுன்னுதான் தோங்க வெளிய வச்சிருக்கீங்களா?”

ஆமாம் என்று தலையாட்டினார். வேறு யாரிடம் சொன்னீர்கள் என்று கேட்டாள். அவர் என்னைக் காட்டினார். அவள் என்னைப் பார்த்த பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை. அதில் கோபம்தான் அதிகம், ஆனால் எனக்கு அது வேண்டியதுதான்.

தூறல் விழத் தொடங்கியது. மோட்டார் வேண்டாம், ஏறுங்கள் என்று அவள் சொன்னாள். பிள்ளை சீட்டின் வாரைச் சரிசெய்ய வேண்டும், அதுவரை பிடியுங்கள் என்று விவியனை அவர் கையில் கொடுத்துவிட்டுக் காருக்குள் குனிந்துகொண்டாள். வெகுநேரம் குனிந்தே இருந்தாள்.

பெரியநாயகம் பிள்ளையின் தலைமேல் மழை படாமல் ஒரு கையைக் கவிழ்த்தார். அப்புறம் அந்தக் கையை எடுத்துவிட்டு, உச்சியில் மூக்கை வைத்து, கண்ணை மூடி மெல்ல இழுத்தார். சற்று நிறுத்தினார். முன்னிலும் ஆழமாக, மார்பு விரிய, இன்னொரு முறை இழுத்தார்.