பதிவேட்டில் எட்டு மணி

என் கொழுந்தனை எல்லோரும் ‘ஓவர்’ என்றுதான் கூப்பிடுவார்கள். அளவுக்கு மீறி எதையும் செய்கிறவன் என்பதால் அல்ல. வாக்கிடாக்கியில் ஒருவர் பேசி முடித்ததும் ‘ஓவர்’ என்று சொல்லிப் பொத்தானை விட வேண்டும். அப்போதுதான் எதிர்முனையில் இருப்பவர் வாய் திறக்க முடியும். இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசுவதற்கு அந்தக் கருவியில் வழியே கிடையாது. இந்தச் சட்டத்தை அவன் வீட்டுக்குள்ளும் கொண்டுவந்துவிட்டான். “காபில சர்க்கரை கம்மி, ஓவர்” என்பான். பல் பிடுங்கப் போன இடத்தில், “வலது பக்கம் மரத்துப்போச்சு டாக்டர், ஓவர்” என்று சொல்லிவிட்டு, டாக்டர் பதில் சொல்லும்வரை வாயை இறுக மூடிக்கொண்டானாம். டாக்டருக்கோ இவன் எதற்காகக் காத்திருக்கிறான் என்று புரியவில்லை. கால்மணி நேரம் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்ததாகக் கேள்வி. கொஞ்சம் கூட்டிச் சொல்கிறேன், அதிகம் இல்லை.

பிழைப்புக்கு மூக்குக் கண்ணாடிக் கடை. வில்லைகளைத் தேய்த்துச் சட்டத்தில் பொருத்துவான். ஊருக்குப் பின்னால் முள்காடும், கைவிட்ட கல்குவாரிகளும், ஒரு நீர்க்கால்வாயும் இருக்கின்றன. அங்கே வருஷத்துக்கு ஏழெட்டுப் பேராவது வழி தப்பிவிடுவார்கள். நாயைத் தேடிப் போய்த் தானும் தொலைந்தவர்கள், குறுக்குவழி என்று நம்பிப் போனவர்கள், இப்படி. அவர்களைத் தேட ஒரு தன்னார்வக் குழு உண்டு. முழங்கால் வலியால் என் கொழுந்தனுக்கு மேடு ஏற முடியாது. அதனால் நீரேற்று நிலையத்தின் ஓரறையில் உட்கார்ந்து, யார் எங்கே இருக்கிறார்கள் என்று ரேடியோவில் கேட்டு, நேரம் போட்டுப் பதிவேட்டில் எழுதுவது அவன் வேலை. பதினாறு வருஷப் பதிவேட்டில் ஓர் அடித்தல் திருத்தல் கிடையாது. சுவரில் பல்லி கத்தினால்கூட மணி பார்த்து எழுதிவிடுவான்.

அப்படிப்பட்டவன் ஒருநாள் பொய் எழுதினான்.

அன்று காணாமல் போனது அவனுடைய மாமனார். நில அளவைத் துறையில் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி போனபின் மகள் வீட்டில், அதாவது என் ஓரகத்தியின் வீட்டில் இருந்தார். கொஞ்ச நாளாக நினைவு தப்பித் தப்பி வந்தது. கால்கள் மட்டும் எதையும் மறக்கவில்லை; இருபது வயதுக்காரனும் ஓடித்தான் அவரைப் பிடிக்க வேண்டும். சர்க்கரை வியாதி வேறு. வேளைக்குச் சாப்பிடாவிட்டால் மயங்கி விழுவார். அதனால் ஓரகத்தி வாசல் கேட்டுக்குப் பூட்டுப் போட்டு, சாவியைக் குளிர்பெட்டியின் மேல் வைத்திருந்தாள். அன்று காலை எட்டு மணிக்குப் பார்த்தால் கேட் திறந்து கிடக்கிறது, அப்பாவைக் காணோம்.

ஒருவர் தொலைந்ததும் குழு முதலில் கேட்பது, கடைசியாக எத்தனை மணிக்குப் பார்த்தீர்கள் என்பதைத்தான். அந்த நேரத்திலிருந்து எவ்வளவு தூரம் நடந்திருப்பார் என்று கணக்குப் போட்டு, வரைபடத்தில் வட்டம் இழுப்பார்கள். வட்டத்துக்குள்தான் தேடுவார்கள். எட்டு மணிக்குச் சற்று முன்தான் வெளியே போயிருப்பார் என்று சொல்லி, என் கொழுந்தன் பதிவேட்டில் ‘8.00’ என்று எழுதினான். சின்ன வட்டமாக வந்தது. மூன்று குழுக்கள் அதற்குள் இறங்கின. கையிலிருந்த வாக்கிடாக்கிகள் எல்லாம் அவர்களோடு போய்விட்டன. அறையில் மிஞ்சியது பெரிய ரேடியோப் பெட்டி மட்டும்; ஓரகத்தியும் நானும் அதன் பக்கத்தில் காத்திருந்தோம். மதியத்துக்கு மேல் மழை வரும் என்று வானம் கறுத்துக்கொண்டிருந்தது.

பதினொரு மணிவரை எல்லாம் ஒழுங்காக நடந்தது. “முதல் குழு, குவாரி மேட்டுல, ஒண்ணும் இல்ல, ஓவர்.” “ரெண்டாம் குழு, கால்வாய்க்கு இந்தப் பக்கம், ஒண்ணும் இல்ல, ஓவர்.” பிறகு ரேடியோ ஊமையாகிவிட்டது.

ஒரு குழு பேசாவிட்டால் பள்ளத்தில் இறங்கியிருக்கிறது என்று சொல்லலாம். மூன்றும் ஒரே நொடியில் பேசாமல் போனால் என்ன சொல்வது? என் கொழுந்தன் கையில் பிடிக்கும் மைக்கை எடுத்து ஒவ்வொரு குழுவாகக் கூப்பிட்டான். பதில் இல்லை. மின்கலத்தை மாற்றினான். பின்பக்கத்து வயரைப் பிடுங்கிச் செருகினான். வெளியே ஓடி ஏரியல் கம்பத்தைப் பார்த்தான். கம்பத்தின் உச்சியில் ஒரு காகம், தனக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்ற முகத்தோடு உட்கார்ந்திருந்தது.

“என்னங்க, என்ன ஆச்சு?” என்றாள் ஓரகத்தி.

“தெரியல.”

“ஒன்பது பேர் போயிருக்காங்க. ஒன்பது பேருக்குமா வாய் அடைச்சுப்போகும்?”

“தெரியலன்னுதானே சொல்றேன்.”

நடந்தது இதுதான். ரேடியோப் பெட்டிக்கு இரண்டு மைக்குகள். ஒன்று கையில் பிடிப்பது. மற்றொன்று மேசையின் மூலையில் நிற்பது. அதன் அடிக்கட்டையை அழுத்தினால் பேச்சு வெளியே போகும். பதினொரு மணிக்கு யாரோ ஒரு சாப்பாட்டுப் பையைக் கொண்டுவந்து அந்த அடிக்கட்டையின்மேல் வைத்துவிட்டார்கள். பேச்சு வெளியே போகிறது என்று காட்டும் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் ஒட்ட இடமில்லாமல் வரைபடத்தைப் பெட்டியின் முகத்திலேயே தொங்கவிட்டிருந்தார்கள். ஆக, அந்த அறையில் பேசியது அத்தனையும் முள்காடெங்கும் போய்க்கொண்டிருந்தது. பேசுகிற ரேடியோவுக்குக் காது கேட்காது. காட்டில் ஒன்பது பேரும் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறார்கள், இங்கே ஓர் எறும்புச் சத்தம்கூட வரவில்லை.

பையை வைத்தது நான்தான். தானே வைத்துவிட்டதாக ஓரகத்தி இன்றுவரை நம்புகிறாள். நானும் மறுத்ததில்லை.

காட்டில் வேறு விதமான குழப்பம். இருபது நிமிடம் தலைமையறைக் குரல் கேட்கவில்லை என்றால், கடைசியாகக் கேட்ட இடத்துக்குத் திரும்ப வேண்டும் என்பது குழுவின் விதி. ஆனால் குரல்தான் கேட்கிறதே, நிற்காமல் கேட்கிறதே. முதல் குழு திரும்பி நடந்தது. மூன்றாம் குழு விதி என்ன சொல்கிறது என்று ஒரு பாறைமேல் உட்கார்ந்து சண்டை போட்டது. இரண்டாம் குழுவில் ஒரு லாரி டிரைவரும் ஒரு நர்ஸும் முன்னே போய்க்கொண்டிருந்தார்கள். அவர்கள் நின்று கேட்டார்கள்.

இங்கே ஓரகத்தி வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். திடீரென்று திரும்பினாள்.

“கேட்டை யார் தொறந்தது?”

அவன் வயரைத் திருகிக்கொண்டிருந்தான்.

“சாவி வச்ச இடத்துல அப்படியே இருக்கு. அப்பாவுக்குக் குளிர்பெட்டி மேல எட்டாது. யார் தொறந்தது?”

“நான்தான்.”

“எப்போ?”

“ஆறரைக்கு.”

அவள் பதிவேட்டைப் பார்த்தாள். எட்டு என்றிருந்தது. அவனைப் பார்த்தாள்.

“வேலைக்கு நேரமாச்சு, தொறங்கன்னார்” என்றான். “செருப்பைப் போட்டுக்கிட்டு, கம்பியை ரெண்டு கையாலயும் புடிச்சுக்கிட்டு நின்னார். கூண்டுல நிக்கிற மாதிரி. என்னால பாக்க முடியல. முக்குவரைக்கும் போயிட்டுத் திரும்பிடுவார்னு நெனச்சேன். கால்வாய்ப் பக்கம் போனார்.”

“கால்வாய்ப் பக்கம்.”

“ம்.”

“ஒன்றரை மணி நேரம் கம்மியா எழுதி, என் அப்பாவை வட்டத்துக்கு வெளியே விட்டுட்டு, உள்ளே ஒன்பது பேரைத் தேட வச்சிருக்கீங்க. எனக்குப் பயந்துக்கிட்டு.”

“உனக்குத்தான்” என்றான். ‘ஓவர்’ சொல்ல மறந்துவிட்டான்.

அதன்பின் அவள் பேசியதை நான் எழுதப்போவதில்லை. அவனுடைய மூன்று தலைமுறையும் அதில் வந்தது. நானும் அதே குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவள் என்பதால், ஓரிரு இடங்களில் தலையாட்டினேன். கடைசியில், குழுக்களிடம் சரியான நேரத்தைச் சொல்லுங்கள் என்று கத்தினாள். அவன் கைமைக்கைப் பிடித்து, “நேரம் தப்பு. ஆறரை. கால்வாய்ப் பக்கம். யாருக்காவது கேக்குதா? ஓவர்” என்று திரும்பத் திரும்பச் சொன்னான். யாருக்கும் கேட்கவில்லை என்று நினைத்துக்கொண்டு தலையை மேசையில் சாய்த்துக்கொண்டான்.

எல்லோருக்கும் கேட்டிருந்தது. முதல் தடவையே கேட்டிருந்தது.

டிரைவரும் நர்ஸும் வட்டத்தைத் தாண்டிக் கால்வாய்க் கரையோடு ஓட்டமும் நடையுமாகப் போனார்கள். பழைய பாலத்துக்குக் கீழே, கரைச் சரிவில் அவர் உட்கார்ந்திருந்தார். கணுக்கால் வீங்கியிருந்தது. முகம் வெளுத்து, வியர்த்துக் கொட்டியது. நர்ஸ் சர்க்கரைக் கரைசலைக் குடிக்க வைத்தாள். தூக்கிப்போக ஸ்ட்ரெச்சர் வேண்டும், ஆள் வேண்டும், மழைக்கு முன் வேண்டும். கேட்பதற்கு ரேடியோவில் இடமில்லை. அதில் ஓரகத்தி பேசிக்கொண்டிருந்தாள். மொபைலுக்கு அந்தப் பள்ளத்தில் சிக்னல் கிடையாது. டிரைவர் ஓட ஆரம்பித்தார்.

முக்கால் மணி நேரம் கழித்து அவர் எங்கள் அறை வாசலில் வந்து நின்றார். முழங்கால்வரை சேறு. ஓரகத்தி எழுந்து, “அண்ணே” என்பதற்குள் விரலை உதட்டில் வைத்தார். பேசினால் அதுவும் காடெல்லாம் போகும் என்று அந்த மனிதருக்கு அப்போதும் நினைப்பிருந்தது. நேரே மேசைக்கு வந்து பையைத் தூக்கினார்.

ரேடியோ வெடித்தது. எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். ஒரு குரல், “சந்தை மாதிரி கத்தாதீங்கப்பா, அந்தம்மாவே இப்பத்தான் ஓய்ஞ்சிருக்காங்க” என்றது. ஓரகத்தியின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும்.

“ஆள் கிடைச்சாச்சு” என்றார் டிரைவர். “உயிருக்கு ஒண்ணுமில்ல. கால்தான். ஸ்ட்ரெச்சர் எடுத்துக்கிட்டு வெளிய நிக்கிற ரெண்டு பேரைக் கூட்டிட்டுப் போறேன்.” தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டார்.

இரைச்சல் அடங்கியதும் நர்ஸின் குரல் வந்தது. “தலைமையறை, சீக்கிரம் ஏதாவது செய்யுங்க. இவர் உக்கார மாட்டேங்கறார். இவ்வளவு நேரமும் ரேடியோவைக் கேட்டுக்கிட்டே இருந்தாரா, யாரோ பெரியவர் காணாமப் போயிட்டாராம், மழை வர்றதுக்குள்ள தேடணுமாம். வீங்குன காலோட எழுந்து எழுந்து நிக்கறார். சரிவு வேற, உருண்டா கால்வாய்தான். என்னால புடிச்சு நிறுத்த முடியல. ஓவர்.”

ஓரகத்தி கைமைக்கைப் பறித்தாள். “அப்பா, நான்தான். காணாமப் போனதே நீங்கதான்பா.”

பதில் வர வழிவிட, என் கொழுந்தன் அவள் விரலை மெல்லப் பொத்தானிலிருந்து எடுத்துவிட்டான்.

“நான் இங்கதானேம்மா இருக்கேன்” என்றது சர்வேயரின் குரல். “நான் எப்படிக் காணாமப் போவேன்? பேசி நேரத்தைக் கடத்தாதீங்க. ஆள் கிடக்கார் எங்கயோ.” பிறகு நர்ஸிடம், “தள்ளும்மா” என்று சொல்வது கேட்டது. கல் சரியும் சத்தமும் கேட்டது.

ஓரகத்தி என்னைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். அப்பா சொல்வது எதுவானாலும் திருத்துகிறவள் அவள். இன்று என்ன கிழமை, அம்மா எப்போது போனாள், இந்த வீடு யாருடையது என்று நாளெல்லாம் திருத்திக்கொண்டிருப்பாள். திருத்தினால் திரும்பி வந்துவிடுவார் என்று ஒரு நம்பிக்கை. இப்போது எதைத் திருத்துவது என்று அவளுக்குத் தெரியவில்லை. எனக்கும்தான் தெரியவில்லை.

பொத்தானை அழுத்தினாள். “அவர் கிடைச்சிட்டாருங்க.”

“யாரு?”

“அந்தப் பெரியவர். கிடைச்சிட்டார். தேட வேண்டாம். நீங்க உக்காருங்க.”

சரிவில் ஏதோ உராயும் சத்தம் வந்தது. “உக்காந்துட்டேன். அடிகிடி பட்டிருக்கா?”

“கால்ல. லேசா.”

“சாப்பிட்டாரா?”

“நர்ஸ் ஏதோ குடுத்தாங்களாம்.”

“நல்லது. இந்த மாதிரி வயசானவங்களைத் தனியா விடக்கூடாது.” பிறகு குரலை உயர்த்தினார். “அந்த வீட்டம்மா புருஷனை ரொம்பத் திட்டுச்சு. கேட்டைத் தொறந்ததுக்குத் திட்ட வேண்டாம்னு சொல்லுங்க. தொறன்னு கேட்டா யாரும் தொறக்கத்தான் செய்வாங்க. ஆனா அந்த ஆள் நேரத்தை மாத்தி எழுதினான் பாருங்க, அதுக்கு எவ்வளவு திட்டினாலும் தகும். அளவைத் தப்பா எழுதுறவன் என் கிட்ட ஒரு நாள் வேலை பாக்க முடியாது.”

“சொல்றேங்க” என்றாள் அவள். கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். அதை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

என் கொழுந்தன் பதிவேட்டை இழுத்து, ‘8.00’ என்பதை ஒரே கோட்டில் அடித்தான். ‘6.30’ என்று எழுதி, பக்கத்தில் கையெழுத்துப் போட்டான். மழை பிடிப்பதற்குள் ஸ்ட்ரெச்சர் வந்துவிட்டது. பொய் நேரம் எழுதியதற்காகக் குழுவில் அவனை இரண்டு மாதம் ரேடியோப் பக்கமே விடவில்லை. கயிறுகளைச் சுருட்டி அடுக்கும் வேலையைக் கொடுத்தார்கள். அவனும் வாய் திறக்காமல் சுருட்டினான்.

சர்வேயரின் காலில் இருந்த கட்டை மூன்றாவது வாரம் பிரித்தார்கள். மறுநாள் காலை ஆறரைக்கு அவர் செருப்போடு கேட்டருகே நின்றார். நான் அன்று அவர்கள் வீட்டில்தான் இருந்தேன். புருஷனும் பெண்சாதியும் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

“தொறக்கவா?” என்றான் அவன்.

“என்னைக் கேட்டா?” என்றாள். தெரியாமல்தான் கேட்டாள். பிறகு சாவியை எடுத்துக்கொண்டு, தன் செருப்பையும் தேடிப் போட்டுக்கொண்டு வெளியே போனாள்.

கேட் திறந்தது. அவர் அவளை மேலும் கீழும் பார்த்தார்.

“யாரு, புது ஆளா?”

அவள் வாய் ஒரு பக்கம் கோணியது; திருத்தப் போகிறாள் என்றுதான் நினைத்தேன்.

“ஆமாங்க” என்றாள்.

“சரி, வா. பேச்சைக் குறைச்சுக்கணும். வேகமா நடக்கணும்.”

அவள் அவருக்குப் பின்னால் ஓட வேண்டியிருந்தது.