டிஸ்குக்கு வைத்த பொட்டு

எழுபதுகளின் பிற்பகுதியில் அடையாறில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்தேன். ஆற்றோரக் குடிசைகளில் ஏன் இத்தனை கைக்குழந்தைகள் சாகின்றன என்று வீடு வீடாகப் போய்க் கேட்பது என் பொறுப்பு. தண்ணீர்தான் காரணம் என்று கணக்கோடு காட்டினால் அங்கே குழாய் போட்டுத் தருவதாக அதிகாரிகள் சொல்லியிருந்தார்கள்.

கேட்டதையெல்லாம் கம்ப்யூட்டர் படிப்பதற்காகத் துளை அட்டைகளில் ஏற்றினோம். அட்டைகள் அறையையே அடைத்துக்கொண்டன. டேப் வாங்குவதா, டிஸ்க் வாங்குவதா என்று பேச்சு வந்தது. டேப்பில் ஒரு தெருவின் கணக்கைத் தேட முதலிலிருந்து ஓட்ட வேண்டும். டிஸ்கில் நேராக எடுத்துவிடலாம். இரண்டும் வாங்க வசதியில்லை. பிரிவுத் தலைவர் டிஸ்க் என்றார். எனக்கும் அவசரம், பலமாகத் தலையாட்டினேன். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய கிராமபோன் தட்டுகள் மாதிரி வந்து இறங்கியது. எல்லாவற்றையும் அதில் ஏற்றிவிட்டு, எழுதிய தாள்களையும் அட்டைகளையும் பழைய பேப்பருக்குப் போட்டோம்.

அப்புறம் ஆயுத பூஜை வந்தது. டைப்ரைட்டருக்கே பொட்டு வைக்கிறவர்கள் டிஸ்கை விடுவோமா? "மூடியோட வச்சா அம்பாள் பார்வை எப்படி சார் படும்?" என்று ஒருவர் கேட்க, மூடியைக் கழற்றிப் படத்தின் முன் வைத்தோம். சந்தனம், குங்குமம், அறை முழுக்கச் சாம்பிராணிப் புகை. சுண்டல் பிரமாதம்.

விடுமுறை முடிந்து டிஸ்கை இயந்திரத்தில் மாட்டியதும் கிறீச்சென்று ஒரு சத்தம். தட்டை ஒட்டி மயிரிழை உயரத்தில் ஓடிப் படிக்கும் முனை, பூஜையில் படிந்திருந்த தூசியில் இடித்துத் தட்டையே சுரண்டிவிட்டது. ஒரு குழந்தையின் கணக்குகூட மிஞ்சவில்லை.

மறுபடி கணக்கெடுக்க அனுமதி கிடைக்கவே பல மாதமாயிற்று. அதன்பின் ஆற்றோரம் போனேன். முன்பு எனக்கு டீ வாங்கிக் கொடுத்த ஒரு தாய் என்னைப் பார்த்ததும் ஓடி வந்தார்.

"இன்னாம்மா, கொயா போடப் போறாங்களா?"

மெஷினில் எல்லாம் அழிந்துபோய்விட்டது, திரும்பவும் சொல்ல வேண்டும் என்றேன். வெட்கமாக இருந்தது.

"அன்னிக்கு ரெண்டு கொயந்த செத்துச்சுன்னு எழ்திக்கினு போனியே, இப்ப மூணுன்னு எழ்திக்கோ."

எழுதிக்கொண்டேன். வேறென்ன செய்ய?

குழாய் பிறகு வந்தது. முதல் கணக்கைப் பத்திரமாக வைத்திருந்து சீக்கிரமே வரவழைத்திருந்தால் அந்த மூன்றாவது குழந்தை பிழைத்திருக்குமோ என்று நினைக்கும்போதெல்லாம், இத்தனை வருஷமாகியும் எனக்கு மனசு ஆறுவதில்லை.