செந்தாமரை கேட்க மறந்த காலை

காரைக்குடியில் செந்தாமரையின் நாட்டு மருந்துக் கடைக்குப் பையன்கள் வைத்த பெயர் ‘விசாரணைக் கமிஷன்’. சிறுகுறிஞ்சான் சாறு ஒரு பாட்டில் கேட்டால் போதும். “என்ன மாத்திரை சாப்பிடுறீக? டாக்டர்கிட்டச் சொன்னீகளா?” என்று குடைந்து எடுத்துவிடுவார். “இலைதானக்கா, என்ன செஞ்சிரும்?” என்றால், “எருக்கும் இலைதான், திங்கிறியா?” என்பார். பாதிப் பேரை வெறுங்கையோடு அனுப்பியும் கடை ஓடுகிறது என்பதுதான் ஆச்சரியம்.

தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கிற கூட்டம் கால்வலித் தைலத்துக்கு முண்டியடித்த ஒரு காலையில் மட்டும் அந்த வாய் ஓய்ந்துபோனது. நடைக்குக் கிளம்பிய மானகிரி உடையப்பன் கூட்டத்துக்குள் கையை நீட்டிச் சிறுகுறிஞ்சான் சாறு கேட்டார். செந்தாமரை ஒன்றும் கேட்காமல் எடுத்துக் கொடுத்துவிட்டார்.

மறுநாள் உடையப்பனின் மகள் சத்தியப்பிரியா கடைக்கு வந்தாள். “அப்பா சுகர் மாத்திரையும் கொண்டு போயிருக்காக, உங்க சாறும் இருக்கு. ஒருவேளைச் சாப்பாட்டு விரதம் வேற. நல்லா நடப்பாக, இந்நேரம் சிங்கம்புணரிய நெருங்கியிருப்பாக!”

செந்தாமரை அளந்துகொண்டிருந்த மருந்தைக் கீழே வைத்தார். சர்க்கரையை இறக்க மாத்திரை, அதையே இறக்கச் சாறு, வயிற்றிலோ சோறில்லை. போன் அடித்தார்கள், உடையப்பன் எடுக்கவில்லை. கடையைப் போட்டது போட்டபடி விட்டு, அவளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு ஸ்கூட்டரைச் சிங்கம்புணரிக்கு விரட்டினார்.

அங்கே தண்ணீர்ப் பந்தலில் உடையப்பன் வேர்த்து ஊற்ற, உடம்பு நடுங்க, ஏதோ உளறிக்கொண்டிருந்தார். சுற்றிலும் கும்பிட்டு நின்றார்கள்.

“சாமி வந்திருக்கு, கிட்டப் போகாதீகம்மா!”

ஒருவர் குறியே கேட்டுக்கொண்டிருந்தார்: “மகனுக்கு விசா எப்ப வரும் சாமி?”

“சாமியும் இல்ல, ஒண்ணும் இல்ல. சர்க்கரை இறங்கிருச்சு, தள்ளுங்கய்யா! ஆம்புலன்சைக் கூப்பிடுங்க!”

கூட்டத்தை விலக்கிய செந்தாமரை, உடையப்பன் விழுங்குகிறாரா என்று பார்த்துப் பார்த்து, சர்க்கரைத் தண்ணீரை மடக்கு மடக்காகப் புகட்டினார். சற்றுப் பொறுத்து உடையப்பன் தெளிந்து விழித்தார். எல்லோரும் கும்பிடுவதைப் பார்த்துத் தானும் பயபக்தியோடு கும்பிட்டார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் பாட்டிலைத் தூக்கிக் காட்டினார். “இதை யார் கொடுத்தது?”

“நான்தான் சார். மாத்திரை சாப்பிடுறாகளான்னு கேக்காமக் குடுத்துட்டேன்.”

“நான்ல சொல்லாம வாங்குனேன்,” என்றார் கட்டிலில் கிடந்த உடையப்பன்.

“சும்மா படுங்கண்ணே. கேக்குறது என் வேலை.”

டாக்டர் அன்று இரவு உடையப்பனை அங்கேயே இருக்கச் சொன்னார். செந்தாமரை வராந்தாவுக்கு வந்தார். முந்தின நாள் கூட்டத்தில் இதே சாற்றை இன்னும் மூன்று பேர் வாங்கியிருந்தார்கள். முதலில் ஒக்கூர் மலையாண்டியைப் போனில் பிடித்தார்.

“அண்ணே, சாறைக் குடிச்சீகளா? இல்லையா? அப்படியே வைங்க, தொடாதீக. நான் வாரேன்.”

அந்த அழைப்பை முடித்த கையோடு அடுத்த எண்ணை அழுத்தினார்.